தேயிலை வேலியும் விடுபட்ட வரியும்

பதுளை
14.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது.

போன வாரம் பஸ் நிலையத்தில் பாக்கியலெட்சுமி அக்காவைக் கண்டேன். "ஒங்க அக்கா வலது கையத் தலைக்கு மேல தூக்க ஏலாம கெடக்குது தம்பி. ஆனா அந்த வேலிய இன்னும் கவ்வாத்துக் கத்தியாலதான் வெட்டுது. பக்கத்து வீட்டுக்காரி நான் சொன்னா கேக்குமா? மேடையில பேசுற ஆளாச்சே, நம்மளத்தான் கேக்க வைக்கும்" என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கொழுந்து மெசின் கம்பனியில் நான் இப்போது இல்லை அக்கா. ஸனூஸ் முதலாளியின் கடையில் வேலை. வீட்டுத்தோட்டச் சாமான்கள்தான் என் பிரிவு. வயர் இல்லை, பெற்றோல் இல்லை, எல்லாம் பெட்டரியில் ஓடுகிறவை. நாலைந்தை அனுப்பி வைக்கிறேன். பாவித்துப் பாருங்கள். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காததைத் திருப்பி அனுப்புங்கள். தம்பி தருவது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போன் வேண்டாம். உங்கள் மலையில் சிக்னலும் கிடைக்காது. கடிதமாகவே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

உங்கள் தம்பி
றொமேஷ்


லுணுகலை, கீழ்ப்பிரிவு
22.01.2024

அன்புத் தம்பி றொமேஷுக்கு,

உன் மடல் கிடைத்தது. பிரிக்காமல் ஒரு பொழுது முழுவதும் மேசைமேல் வைத்திருந்தேன். பிரித்தபின் இருமுறை படித்தேன்.

நம் பிணக்கை நீ மெல்லத் தாண்டிச் சென்றிருக்கிறாய். நான் தாண்ட மாட்டேன். ஒருமுறை சொல்லிவிட்டு இறக்கி வைக்கிறேன். இரண்டாண்டுக்கு முன் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், புகை கக்கிய அந்தக் கொழுந்து வெட்டும் பொறியோடு நீ தோட்டத்துரையின் அருகில் நின்றாய். நான் நாற்பத்திரண்டு பெண்களின் அருகில் நின்றேன். அன்று நான் பேசிய பேச்சு பொறிக்கு எதிரானது, உனக்கு எதிரானதன்று. பொறி திரும்பிப் போயிற்று. நீயும் போய்விட்டாய். பொறி போனதற்கு மகிழ்ந்தேன். நீ போனதற்கு எவரிடமும் அழவில்லை. அவ்வளவே.

இனி வேலியைப் பற்றி. வீடு கட்டத் தந்த இந்த ஏழு பேர்ச் நிலம் முன்பு தேயிலை மலையாக இருந்தது. எல்லையில் நின்ற ஒரு வரிசைத் தேயிலைச் செடிகளைப் பிடுங்க நான் விடவில்லை. அவையே இன்று என் வேலி. முப்பதடி நீளம், இடுப்பளவு உயரம். வெட்டாது விட்டால் இரண்டு திங்களில் பாதையை அடைத்துவிடும். இருபத்தெட்டு ஆண்டு கொழுந்து பறித்த தோள் இப்போது அந்த முப்பதடிக்கே முனகுகிறது.

வீட்டு வேலியைப் பொறியால் வெட்டுவது பிழையா என்று எனக்குள் வழக்காடினேன். பிழையன்று. என் வேலியை வெட்ட எவரும் கூலிக்கு நிற்கவில்லை. பொறி வந்தால் எவர் அடுப்பும் அணையப் போவதில்லை. ஆகவே அனுப்பு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டேன். எடை எவ்வளவு? மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வது? எதை முதலில் பார்த்துத் தேர்வது?

மேடைப் பேச்சாயினும் மடலாயினும் முதலில் பயிற்சிப் புத்தகத்தில் எழுதித் திருத்தி, பிறகே நல்ல தாளில் படியெடுப்பேன். சிறுவயதில் அதைப் பார்த்து நீ சிரிப்பாய். இம்மடலையும் அப்படியே எழுதினேன். சிரித்துக்கொள்.

உன் தமக்கை
நேசராணி


பதுளை
03.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். அதை விடுங்கள்.

கேட்டதற்குப் பதில். கடைக்கு வருகிற எல்லோரும் மெசினைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். அது பிழை. முதலில் பெட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கம்பனியின் பெட்டரி அந்தக் கம்பனியின் சாமான் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேறு கம்பனியின் சாமானுக்குப் பொருந்தாது. பெட்டரியை வாங்கிவிட்டால் அடுத்தடுத்து வெறும் மெசினை மட்டும் எடுத்தால் போதும். கழற்றி இதில் மாட்டலாம், அதில் மாட்டலாம்.

இரண்டாவது, கனம். பெரிய பெட்டரி கூடுதல் நேரம் ஓடும், ஆனால் தோளை இழுக்கும். உங்களுக்குச் சின்னது இரண்டு நல்லது. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜில் இருக்கும். கரண்ட் போனாலும் ஒன்று கைவசம் இருக்கும். மூன்றாவது, வேலி வெட்டும் மெசினில் பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுண்டுவிரல் தடிப்புள்ள கிளை வரை போகும். அதற்கு மேல் தடிப்பு என்றால் கத்திதான். ஈரத்தில் வைக்க வேண்டாம், பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள்.

வேலி வெட்டி, புல்வெட்டி, சின்னக் கைவாள், இலை ஊதுகிற மெசின், நாலையும் லொறியில் அனுப்புகிறேன். ஒவ்வொன்றையும் பாவித்து விட்டு எழுதுங்கள். எவ்வளவு நேரம் ஓடியது, கை வலித்ததா, எல்லாம் வேண்டும். அந்தத் தேயிலை வேலியை வெட்டிய கதையைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

றொமேஷ்


லுணுகலை, கீழ்ப்பிரிவு
26.02.2024

அன்புத் தம்பிக்கு,

நான்கு கருவிகளும் வந்தன. மூன்று வாரம் பயன்படுத்திய பின்னரே எழுதுகிறேன்.

இலை ஊதியைத் திருப்பி அனுப்புகிறேன். அதை முடுக்கிய மறுகணம் பாக்கியம் தன் வாசலில் இருந்து கத்தினாள்: "அடி நேசம், குப்பைய ஏன்டி என் வீட்டுக்கு அனுப்புற? காத்து சும்மாதானே அடிக்குது, அதுக்கு ஒரு மெசினா? நாளைக்கு மழைக்கும் ஒன்னு வாங்குவியா?" அவள் தீர்ப்பே என் தீர்ப்பும். கைவாள் சிறந்தது, ஆனால் ஆண்டுக்கு இருமுறை கிளை அறுப்பவளுக்கு அது வேண்டியதில்லை. அதுவும் திரும்புகிறது.

புல்வெட்டி தங்குகிறது. குனியாமல் நின்றபடியே சரிவை வெட்ட முடிகிறது. வெட்டும் நைலோன் நூல் சுழன்று கல்லில் பட்டால் துகள் தெறிக்கிறது. ஆகையால் கண்ணாடி அணிந்தேன். தனுஜா, பாக்கியத்தின் மகள், என்னைப் பார்த்து "பெரியம்மா, வெளிநாட்டு டொக்டர் மாதிரி இருக்கீங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேலி வெட்டியைப் பற்றி நீ விரிவாகக் கேட்டாய். சிறிய மின்கலத்தோடு தூக்கினேன். கையில் ஒரு கைக்குழந்தையின் கனம்கூட இல்லை. இரு கைகளாலும் பிடித்தால் மட்டுமே ஓடுகிறது. ஒரு கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. தளிர் நுனிகளைச் சீவிக்கொண்டு போயிற்று. வேலியின் தலை மேசைப் பலகை போலச் சமமாயிற்று. முதிர்ந்த கிளை மூன்றை மட்டும் கத்தியால் வெட்டினேன். மின்கலத்தில் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தது.

உண்மையை உள்ளபடி எழுதுகிறேன்: அரைநாள் வேலை கால்மணியில் முடிந்தது. என் தோள் வலிக்கவில்லை. இனி இதைக் கையிலிருந்து இறக்க மாட்டேன். ஆயினும் இது என் வேலி, என் கை, என் பொழுது; இதே பல் மலையில் ஏறி ஒருத்தியின் வேலையைத் தின்னுமாயின் இதை முதலில் எறிபவளும் நானே.

உன்னால் நலமாக இருக்கிறேன். அதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

உன் தமக்கை
நேசராணி


பதுளை
11.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரிடமும் காட்டினேன். ஸனூஸ் முதலாளி தமிழ் நன்றாக வாசிப்பார். "இப்படி எழுத நம்ம கடையில ஒருத்தரும் இல்லையே றொமேஷ்" என்றார்.

ஒரு சின்ன ஆசை. வேலிக்குப் பக்கத்தில் மெசினோடு நீங்கள் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். தனுஜாவின் போனில் எடுக்கச் சொல்லுங்கள். லுணுகலை டவுனுக்கு வரும்போது அவள் எனக்கு அனுப்பட்டும். பூப்போட்ட நீலச் சேலை இருக்கிறதல்லவா, அதைக் கட்டுங்கள். வீட்டில் மாட்டி வைக்கத்தான்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

றொமேஷ்


லுணுகலை, கீழ்ப்பிரிவு
20.05.2024

யே. றொமேஷ் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கத் தாங்கள் எவருமல்லர், ஆகவே விசாரிக்கவில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் துரை ஒரு துண்டறிக்கையை வழங்கினார். நான் அப்போது தொழிற்சங்கத்துப் பெண்களோடு நின்றிருந்தேன். பளபளக்கும் தாள். அதில் நீலச் சேலை கட்டி, கையில் கருவியோடு, ஒரு முட்டாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நான். என் படத்துக்குக் கீழே என் கையெழுத்து, என் கை எழுதியது எழுதியபடி: "அரைநாள் வேலை கால்மணியில் முடிந்தது. என் தோள் வலிக்கவில்லை. இனி இதைக் கையிலிருந்து இறக்க மாட்டேன்." அத்துடன் நின்றுவிட்டது. அடுத்த வரி இல்லை. அந்த இடத்தில் வேறொரு கருவியின் படம். அதே பல், அதே மின்கலம். முன்னால் கொழுந்து விழத் தட்டு, பின்னால் பை.

கீழ்ப்பிரிவுக்கு ஆறு கருவிகள் வருகின்றன. பன்னிரண்டு பெண்களுக்கு முழு வேலை. மற்ற முப்பது பேருக்குக் கிழமைக்கு மூன்று நாள். துரை அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்: "ஒங்க நேசராணியே சர்டிபிகேட் குடுத்திருக்காங்களே, இனி என்ன?"

நாற்பத்திரண்டு முகங்களும் என் பக்கம் திரும்பின. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை. பாக்கியம் மட்டும் அருகில் வந்தாள். தாளை என் கையில் திணித்தாள். "மேடையில ஒரு நாக்கு, காயிதத்துல ஒரு நாக்கா நேசம்? நீ அன்னைக்கு வேலி வெட்டுறதப் பாத்து நானும் சிரிச்சுக்கிட்டுத்தானே நின்னேன். என் மகதானே படம் புடிச்சா. இப்ப எனக்கு மூனு நாள். ஒனக்கு மெசின்." அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. இடையில் உள்ள வேலிக்கு அப்பால் அவள் அடுப்புப் புகை எழுகிறது, குரல் வருவதில்லை.

இப்போது எல்லாம் விளங்குகிறது. தொலைபேசி வேண்டாம் என்றாயே, ஏன்? பேச்சைத் தாளில் ஒட்ட முடியாது என்பதால். தேயிலை வேலியை விரிவாக எழுதச் சொன்னாயே, ஏன்? முருங்கை வேலியாக இருந்திருந்தால் நீ கடிதமே எழுதியிருக்க மாட்டாய். என் தோள்வலியை விசாரித்தாயே. அது உனக்கு வலியா, வாய்ப்பா?

தாயில்லாத உனக்கு ஐந்து வயதிலிருந்து சோறூட்டிய கை இது. அந்தக் கை எழுதியதை எடுத்தே நாற்பத்திரண்டு கைகளுக்கு எதிராக நிறுத்தினாய். பகைவன் செய்திருந்தால் மேடை ஏறியிருப்பேன். தம்பி செய்தால் எங்கே ஏறுவது? அதை மட்டும் சொல்.

நேசராணி


பதுளை
30.05.2024

அக்கா,

திட்டுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் பக்கத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.

வீட்டுத்தோட்டப் பிரிவில்தான் இருந்தேன், அது பொய்யில்லை. கருவிகளை உங்களுக்கு அனுப்பியபோதே உங்கள் தோட்டத்திலிருந்து கொழுந்து மெசினுக்கு விலை கேட்டிருந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டது பொய். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் பேச்சால் அந்தக் கம்பனியில் என் வேலை போனது. வீட்டு வாடகைக்கு யார் யார் வாசலில் நின்றேன் என்று நீங்கள் கேட்டதில்லை. இந்த முறை உங்கள் வாயாலேயே அந்த மெசின் நல்லது என்று வர வேண்டும் என்று நினைத்தேன். வந்தது. நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. அடுத்த வரியைப் போட இடம் இல்லை என்றார்கள். நானும் சரி என்றேன்.

நானே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தனுஜா மலைக்கு வருவாளா? வரமாட்டாள். கொழும்புக்குப் போவாள். கொழுந்து எடுக்க ஆள் குறைகிறது. நான் விற்காவிட்டால் இன்னொருவன் விற்பான். இருபது வருடத்துக்கு முன் இது வந்திருந்தால் உங்கள் தோள் இப்படி ஆகியிருக்குமா? உங்கள் கடிதத்தில் நீங்களே சொன்னது அதுதானே?

9ஆம் திகதி பெரட்டுக்களத்தில் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அன்று பேச வேண்டாம். இந்த ஓடர் போனால் நானும் போனேன்.

றொமேஷ்


லுணுகலை, கீழ்ப்பிரிவு
13.06.2024

றொமேஷுக்கு,

பேசினேன். ஆனால் நீ அஞ்சிய பேச்சன்று.

பயிற்சிப் புத்தகத்தை எடுத்துச் சென்றேன். பெப்ரவரி மடலின் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்துவரை வாசித்தேன். இலை ஊதியைப் பற்றிப் பாக்கியம் சொன்னதை வாசித்தபோது இரண்டொருவர் சிரித்தனர். விடுபட்ட வரியை வாசித்தபோது எவரும் சிரிக்கவில்லை. நான் வென்றுவிட்டதாக எண்ணினேன். அப்போது பாக்கியம் எழுந்தாள்.

"அந்த வரி நல்லாத்தான் இருக்கு நேசம். ஆனா முத வரியையும் நீதானே எழுதுன? தோள் வலிக்கலன்னு எழுதுனது பொய்யா?"

ஒரு சொல்லில் தப்பியிருக்கலாம். பொய்யென்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். சொல்லவில்லை. "பொய்யில்ல பாக்கியம். வலிக்கல" என்றேன். பிறகு அவளே துரையின் பக்கம் திரும்பினாள். "அப்ப வலிக்காத மெசின் எங்களுக்கும் வேணும் தொரை. நாப்பத்திரெண்டு பேரும் மாத்தி மாத்திப் புடிக்கிறோம். ஆனா ஒரு ஆளுக்கும் ஒரு நாள் கொறையக் கூடாது. நேசம் சொல்லிப் பேசல, என் தோள் சொல்லுது."

முப்பதாண்டு மேடையில் நான் பேசாத பேச்சு அது. ஆறு கருவிகள் இரண்டாகக் குறைந்துள்ளன. நாள் குறைப்பை மூன்று திங்களுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கைவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இனி உனக்கு. இருபதாண்டுக்கு முன் வந்திருந்தால் என்று கேட்டாய். நல்ல கேள்வி. அதைக் களத்துக்கு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் உட்கார்ந்து விடை தேடியிருப்பேன். உன் வேலை போனபோது நான் கேட்கவில்லை என்றாய். அதுவும் உண்மை, அதற்குத் தலைகுனிகிறேன். ஆனால் நீ களத்துக்கும் வரவில்லை, கணக்குத் தீர்க்கவும் வரவில்லை. பாசத்தை உடுத்திக்கொண்டு வந்தாய்.

முதலில் மின்கலத்தைத் தேர்ந்தெடு என்று கற்பித்தாய். அதன்படியே தேர்ந்திருக்கிறாய். என் பெயரை ஒரு மின்கலமாக எண்ணி, என் வேலியிலிருந்து கழற்றித் துரையின் கருவியில் மாட்டினாய். அது பொருந்தும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

புல்வெட்டியையும் வேலி வெட்டியையும் துடைத்து, பற்களுக்கு எண்ணெய் பூசி லொறியில் அனுப்பியிருக்கிறேன். மின்கலங்கள் இரண்டும் என்னிடம் உள்ளன. பெரட்டுக்களத்துக்கு வா. விட்ட வரியை உன் வாயால் நாற்பத்திரண்டு பேர் முன் சொல். சொல்லிவிட்டு எடுத்துச் செல். அதுவரை அவை இங்கேயே இருக்கும்.

நேசராணி


பதுளை
02.07.2024

அக்காவுக்கு,

மெசின் இரண்டும் வந்து சேர்ந்தன. நன்றாகத் துடைத்திருந்தீர்கள்.

என்னால் வர முடியாது. அப்புத்தளைப் பக்கத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே மூன்று தோட்டம் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. துண்டறிக்கை திரும்பவும் அடிக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேன் என்பதை மட்டுமாவது நம்புங்கள்.

பெட்டரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வேறு இரண்டை எடுத்து மாட்டிவிட்டார்கள். ஒரே அளவுதான். பொருந்தியது.

றொமேஷ்


லுணுகலை, கீழ்ப்பிரிவு
15.07.2024

றொமேஷுக்கு,

மழை பெய்தது. வேலி பாதையை அடைத்துவிட்டது. இன்று காலை கவ்வாத்துக் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினேன். சற்று நேரத்தில் மறுமுனையில் இன்னொரு கத்தியின் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்தடி நெருங்கிய பிறகுதான், "கோணலா வெட்டுற" என்றாள் பாக்கியம். எட்டு வாரத்தில் என் வேலிக்கருகில் அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அது.

நண்பகல் ஆகியும் வேலி வெட்டி முடியவில்லை. வலது கையால் எழுத இயலாமல், நான் சொல்லச் சொல்லத் தனுஜா இதை எழுதுகிறாள். ஆகவே இம்மடலில் என் கையெழுத்து இல்லை. படியெடுத்து ஒட்டவும் உனக்கு உதவாது.

துண்டறிக்கை மீண்டும் அச்சாகிறது என்றாய். படத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். எழுதியதை மறுக்கவும் மாட்டேன். இதை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல், இடம் இருந்தால்: தோள் வலிக்கிறது. கத்தியை இறக்கவில்லை.

நேசராணி